கரிக்குப் போட்ட பாதை, சனம் ஏறிய ரயில்

1845 மே மாதம். இந்தியாவில் ரயில் விடுவது நடக்கிற காரியமா என்று யோசித்து, லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் கல்கத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ரயிலுக்கு இந்த நாடு ஏன் ஒத்துவராமல் போகலாம் என்று அதில் ஒரு பட்டியலே போட்டிருந்தார்கள். பருவமழையும் வெள்ளமும் பாதையை அடித்துக்கொண்டு போகும். புயற்காற்று இருக்கிறது, தலைக்கு மேல் நேராகக் காயும் வெயில் இருக்கிறது. மரக்கட்டைகளைப் பூச்சி அரிக்கும், புதர் மண்டும். வேலியே இல்லாத வெட்டவெளியில் பாதையை யார் காப்பது? தேர்ந்த இன்ஜினீயர்களுக்கு எங்கே போவது? இத்தனையும் சொல்லிவிட்டு, காசு விஷயத்துக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் ரயிலுக்கு வருமானம் பயணிகளிடமிருந்து வருகிறது. இந்தியாவில் அது தலைகீழாகத்தான் இருக்கும், சரக்குதான் சோறு போடும். ஏனென்றால் அங்குள்ள சனங்கள் ஏழைகள், பல இடங்களில் சிதறிக் கிடப்பவர்கள்.

பூச்சி விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான். சனங்கள் விஷயத்தில் அடியோடு தப்பு. ஒன்பது ஆண்டுகள் கழித்து ஹவுராவிலிருந்து ரயில் கிளம்பியபோது, முதல் 16 வாரங்களில் ஏறியவர்கள் 1,09,634 பேர். முதல் வகுப்பில் 5,511 பேர், இரண்டாம் வகுப்பில் 21,005 பேர். மீதி 83,118 பேரும் மூன்றாம் வகுப்பு. நான்கில் மூன்று பங்குக்கும் மேலே.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் என்றதும் 1853 ஏப்ரல் 16 பம்பாய்–தாணே நமக்கு நினைவுக்கு வரும். நம் பக்கத்துக் கணக்கில் 1856 ஜூலை 1, ராயபுரம்–வாலாஜா ரோடு. இரண்டுக்கும் நடுவில் வந்த ஹவுரா–ஹூக்ளி பாதையை நாம் அதிகம் பேசுவதில்லை. கதை என்று பார்த்தால் மூன்றிலும் கனமானது இதுதான் என்பது என் கட்சி.

ஒரு ஸ்டீபன்சன், ஒரு தாகூர்

இந்தப் பாதைக்கு அலையாய் அலைந்தவர் ரவுலண்ட் மெக்டொனால்டு ஸ்டீபன்சன். ரயில் இன்ஜினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சன் வேறு, இவர் வேறு. ஆனாலும் அந்தப் பெயர் இவருக்குக் கெடுதல் செய்திருக்காது. 1844-இல் கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு இந்தியா முழுக்க ரயில் என்று எழுதத் தொடங்கினார். வெறும் கனவாக எழுதவில்லை. என்ன சரக்கு போகும், எவ்வளவு போகும், சனங்கள் ஏறுவார்களா என்று நகரத்து வணிகர்களிடம் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கினார். வெள்ளைக்காரர்களோடு ராம் கோபால் கோஷ், மோதிலால் சீல் போன்ற வங்காளப் பெரும்புள்ளிகளையும் கேட்டார். 1845-இல் லண்டனில் கிழக்கிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. அந்த ஆண்டே மூன்று உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து மிர்சாப்பூர் வழியாக டெல்லி வரை பாதை பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அவருக்குப் போட்டியாக நின்றவர் துவாரகநாத் தாகூர். ரவீந்திரநாத்தின் தாத்தா. நிலம், வட்டிக்கடை, கப்பல், அவுரி, சர்க்கரை என்று கைவைக்காத தொழில் இல்லை. அவருடைய ‘கார், தாகூர்’ கம்பெனி 1836-இல் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தை வாங்கியது. கரி நல்ல கரி. அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. தாமோதர் ஆற்றில் நாட்டுப் படகில் ஏற்றி அனுப்ப வேண்டும். தாமோதரோ மழைக்காலத்தில் கரை புரளும், மற்ற மாதங்களில் மணலாய்க் கிடக்கும். ஆக, வெட்டிய கரி ஆற்றங்கரையில் குவிந்து கிடந்து மழைக்குக் காத்திருக்கும். மழை தப்பினால் வியாபாரம் தப்பும். கல்கத்தாவிலோ நீராவிக் கப்பல்கள் கரி கரி என்று பறந்துகொண்டிருந்தன.

கல்கத்தாவிலிருந்து கரிவயல் வரை ரயில் போட்டால் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாமே திரட்டித் தருவதாகத் துவாரகநாத் சொன்னார். கிரேட் வெஸ்டர்ன் ஆஃப் பெங்கால் ரயில்வே என்று கம்பெனியும் தொடங்கியாயிற்று. 1846 ஆகஸ்ட் 1 அன்று அவர் லண்டனில் இறந்துபோனார். அடுத்த ஆண்டே அவருடைய ரயில் கம்பெனி ஸ்டீபன்சனின் கம்பெனியோடு கரைந்தது. 1848-இல் ‘கார், தாகூர்’ கம்பெனியும் முறிந்தது. ஓர் இந்தியர் தம் பணத்தையும் வைத்து இந்திய ரயிலில் பங்காளியாக உட்காரும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. அவர் இன்னும் பத்து ஆண்டுகள் இருந்திருந்தால் இந்த ரயிலின் கணக்கு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. கடன் அவரையும் மூழ்கடித்திருக்கும் என்று வாதிடவும் இடமிருக்கிறது.

அவர்கள் முதல், நம் வட்டி

1849 ஆகஸ்ட் 17 அன்று கம்பெனி அரசும் ரயில் கம்பெனியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சோதனைப் பாதைக்கு 10 லட்சம் பவுண்டு முதல். நிலத்தை அரசு சும்மா கொடுக்கும். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் நிச்சயம். ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் குறைகிற தொகையை அரசு தன் கஜானாவிலிருந்து கொடுக்கும். கஜானா என்றால் இந்தியக் குடியானவன் கட்டிய நிலவரி.

இந்த ஏற்பாட்டின் லட்சணத்தைப் பின்னாளில் போட்டு உடைத்தவர் தேசபக்தர் யாருமில்லை, இந்திய அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த வில்லியம் மாசி என்ற ஆங்கிலேயர். 1872-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சொன்னதன் சாரம் இது: 5 சதவீதம் நிச்சயம் என்றான பிறகு, தான் கொடுத்த பணம் செங்கலாகவும் காரையாகவும் ஆகிறதா, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்பதைப் பற்றி முதலீட்டாளனுக்குக் கவலையே கிடையாது. இதைவிடத் தெளிவாக, நாட்டின் செல்வம் வெளியே போவதைக் கணக்குப் போட்ட தாதாபாய் நௌரோஜிகூடச் சொல்லியிருக்க முடியாது.

பாதை போட வந்தவர் ஜார்ஜ் டர்ன்புல், தலைமை இன்ஜினீயர். 1850-இல் வந்து இறங்கி ஹவுராவிலிருந்து வடக்கே அளந்துகொண்டு போனார். தண்டவாளங்களுக்கு இடையே எவ்வளவு அகலம் என்பதில் ஒரு வழக்கு. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு 6 அடி வேண்டும். ஆலோசகர் சிம்ஸ் சொன்னது 5 அடி 6 அங்குலம். சிம்ஸ் சொன்னது நின்றது. இன்றைக்குக் கன்னியாகுமரி வரைக்கும் நாம் பிராட்கேஜ் என்று சொல்வது அந்த 5 அடி 6 அங்குலம்தான்.

கல்கத்தா ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்க, ரயில் ஏன் மேற்குக் கரையில் ஹவுராவில் நிற்கிறது என்று முதல்முறை போகிற யாருக்கும் தோன்றும். கரியும் வடநாடும் இருப்பது மேற்கே. நடுவில் ஹூக்ளி. அவ்வளவு அகல ஆற்றில், அந்தச் சேற்றுப்படுகையில், அந்தக் காலத்தில் பாலம் கட்டுவதென்றால் பாதைச் செலவு முழுவதையும் பாலமே விழுங்கியிருக்கும். ஆகவே கல்கத்தாவின் ரயில் கல்கத்தாவில் நிற்காது என்று முடிவானது. ஆற்றின் கல்கத்தாக் கரையில், ஆர்மேனிய வணிகர் ஒருவர் 1734-இல் கட்டிய படித்துறையில் ரயில்வேயின் டிக்கெட் அறை. டிக்கெட் வாங்கினால் கம்பெனி ஸ்டீமரில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். ஆறு கடக்கும் கூலியும் டிக்கெட்டிலேயே அடக்கம். 1874-இல் மிதவைப் பாலம் வரும்வரை இதுதான் ஏற்பாடு. ஆர்மேனியன் காட் என்ற அந்தப் படித்துறை இன்றும் இருக்கிறது. அங்கிருந்து ஹவுராவுக்கு ஃபெர்ரியும் போகிறது.

மூழ்கிய பெட்டி, வழி தவறிய இன்ஜின்

டர்ன்புல் பாதையை முடித்துவிட்டார். ரயிலைக் காணோம். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்த குட்வின் என்ற கப்பல் ஹூக்ளியின் முகத்துவாரத்தில், சாண்ட்ஹெட்ஸ் மணல்திட்டுப் பகுதியில் மூழ்கியது. இன்ஜின் வந்த கப்பல் வேறு. அது ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது! அங்கிருந்து திருப்பி அனுப்பி, 1854-இல்தான் கல்கத்தா வந்து சேர்ந்தது. போதாக்குறைக்குச் சந்தன்நகர். அது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். அந்த எல்லையில் பாதை போவதற்குச் சம்மதம் வாங்குவதில் இழுபறி. சந்தன்நகருக்கு மேலதிகாரம் நம் புதுச்சேரியில் இருந்தது. பிரெஞ்சு இந்தியாவின் தலைநகர் அதுதானே.

இதற்குள் பம்பாய் முந்திக்கொண்டது. கல்கத்தாதான் ஆட்சியின் தலைநகர், ரயில் பேச்சை முதலில் எடுத்ததும் கல்கத்தாதான், ஆனால் 16 மாதம் பின்தங்கியது.

பெட்டிகளுக்காக இன்னொரு கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. ரயில்வேயின் இன்ஜின் பொறுப்பாளர் ஜான் ஹாட்ஜ்சன் வரைபடம் போட்டுக் கொடுக்க, கல்கத்தாவில் கோச்சு வண்டி செய்துகொண்டிருந்த ஸ்டூவர்ட், சீட்டன் என்ற இரண்டு பட்டறைகள் ரயில் பெட்டிகளைச் செய்தன. அதாவது, அதுவரை குதிரை வண்டிக்கு மரம் இழைத்த கைகள் அந்த ஆண்டு ரயிலுக்கு இழைத்தன. நம் நாட்டின் ரயில் பெட்டித் தயாரிப்புக்கு வரலாறு எழுதுகிறவர்கள் பெரம்பூர் ஐ.சி.எஃப்.புக்கு முன்பாக இந்தப் பட்டறைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

1854 ஜூன் 28 அன்று ஹாட்ஜ்சன் இன்ஜினை பாண்டுவா வரை ஓட்டிப் பார்த்தார். ஆகஸ்ட் 15, செவ்வாய்க்கிழமை, பயணிகள் ரயில். நம் ஊராக இருந்திருந்தால் செவ்வாயில் புதுக்காரியமா என்று யாராவது முகம் சுளித்திருப்பார்கள். அங்கே 3,000 பேர் இடம் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். பெரும்பாலோருக்கு இல்லை என்ற பதில்தான். முதல் வகுப்புப் பெட்டி 3, இரண்டாம் வகுப்பு 2, மூன்றாம் வகுப்பு 3, கார்டுக்கு ஒரு பிரேக் வண்டி. மூன்றாம் வகுப்பைப் பெட்டி என்றுகூட எழுதவில்லை, ‘டிரக்’ என்றே எழுதினார்கள். காலை 8.30 மணிக்குக் கிளம்பி, பாலி, ஸ்ரீராம்பூர், சந்தன்நகரில் நின்று, 24 மைல் தாண்டி ஹூக்ளி போய்ச் சேர 91 நிமிடம். கட்டணம் முதல் வகுப்புக்கு 3 ரூபாய், மூன்றாம் வகுப்புக்கு 7 அணா. செப்டம்பர் 1 முதல் ரயில் பாண்டுவா வரை போனது.

அந்த முதல் ரயிலை இழுத்தது ‘ஃபேரி க்வீன்’ இன்ஜின் என்று ஆண்டுதோறும் ஆகஸ்டில் யாராவது எழுதுகிறார்கள். நம்ப வேண்டாம். ஃபேரி க்வீன் லீட்ஸ் நகரில் கிட்சன் தொழிற்சாலையில் 1855-இல் செய்த இன்ஜின். 1854-இல் ஓடிய ரயிலை அது எப்படி இழுக்கும்? அதன் கூடப்பிறப்பான இ.ஐ.ஆர். (கிழக்கிந்திய ரயில்வே) 21, ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் பெற்றதும், அதே ஆண்டில் செய்ததுதான். ஆனால் இந்த இரண்டு கிழ இன்ஜின்களுக்கும் நம் ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. ஃபேரி க்வீனைப் பழுது பார்த்து ஓட வைத்தது பெரம்பூர் லோகோ பணிமனை. உலகில் ஓடுநிலையில் இருக்கும் மிகப் பழைய நீராவி இன்ஜின் என்று 1998-இல் கின்னஸ் சான்றிதழ் பெற்றது. எக்ஸ்பிரஸையும் அதே பணிமனைதான் 2010-இல் உயிர்ப்பித்துச் சென்னையில் ஓட விட்டது. 155 வயது இன்ஜின் புகைவிட்டுக்கொண்டு போனதை நம்மவர்கள் சிலர் பார்த்திருப்பார்கள்.

24 மைலில் ஐந்து ஐரோப்பா

அந்த 24 மைலைப் போல் ஒரு பாதை இந்தியாவில் வேறு இல்லை. ஹவுராவில் ஆங்கிலேயர். ஸ்ரீராம்பூர் டேனிஷ்காரர்களின் ஊர். அதை அவர்கள் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அதே கிரயத்தில் நம் தரங்கம்பாடியும் சேர்த்தி. அப்புறம் பிரெஞ்சுக்காரரின் சந்தன்நகர். அடுத்தது 1825 வரை டச்சுக்காரரிடம் இருந்த சின்சுரா. கடைசியில் போர்த்துகீசியர் கோலோச்சிய ஹூக்ளி. ஐரோப்பியர் 300 ஆண்டுகளாக ஆற்றோரம் கடை போட்டு உட்கார்ந்த ஊர்களைக் கோத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் ரயில் போய்விட்டது. ஆறு வழி வியாபாரத்துக்காக இருந்த ஊர்கள் அதன்பிறகு ரயிலுக்காக இருக்கத் தொடங்கின. 1855-இல் ஸ்ரீராம்பூருக்கு அருகே ரிஷ்ராவில் நாட்டின் முதல் சணல் ஆலை வந்தது. பின்னால் இந்தக் கரை முழுக்க ஆலைப் புகைபோக்கிகள்.

கரிக்கு வருவோம். 1855 பிப்ரவரி 3 அன்று பாதை ராணிகஞ்ச் வரை திறந்தது. ஹவுராவிலிருந்து 121 மைல். துவாரகநாத் கேட்டது அவர் இறந்து எட்டரை ஆண்டு கழித்துக் கிடைத்தது. கரி இனி மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கரியைத் தின்னும் பெரும்பசிக்காரர்களில் ஒருவராக ரயிலே ஆகிப்போனது.

டெல்லிக்குப் போகும் பாதையோ ராணிகஞ்ச் வழியே போகவில்லை. கங்கைக்கரை வியாபாரத்தைப் பிடிக்க வேண்டும் என்று பர்த்வானைத் தாண்டி வடக்கே திரும்பி, ராஜ்மகால் மலையோரம் வளைந்தது. அங்கேதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி. 1855 ஜூன் 30 அன்று போக்னாடி கிராமத்தில் சிது, கானு சகோதரர்கள் தலைமையில் சந்தால் பழங்குடியினர் கிளர்ந்தார்கள். வட்டிக்காரனும் ஜமீன்தாரும்தான் பெரும் எதிரிகள். ஆனால் குற்றப் பட்டியலில் ரயில் வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். ஆட்டுக்குட்டியையும் கோழியையும் காசு கொடுக்காமல் எடுத்தார்கள், பெண்களைத் தூக்கிப் போனார்கள் என்பது புகார். ரயில் வேலை நின்றது. பட்டாளம் வந்து ஆயிரக்கணக்கான சந்தால்களைக் கொன்ற பிறகே வேலை மறுபடி தொடங்கியது. பின் 1857, சிப்பாய்க் கலகம். பீகாரின் ஆராவில் விகார்ஸ் பாயில் என்ற ரயில் இன்ஜினீயர் தம் சிறு கட்டடத்தைக் கோட்டையாக்கிக்கொண்டு முற்றுகையைத் தாங்கியதை ஆங்கிலேயர் பெருமையாக எழுதி வைத்தார்கள். 1859-இல் காலராவில் மாண்ட மண்வெட்டிக் கூலிகள் ஆயிரக்கணக்கில். அவர்கள் பெயர் எந்த ஸ்டேஷன் சுவரிலும் இல்லை. டிசம்பர் 1862-இல் ரயில் காசிக்கு எதிர்க்கரை சேர்ந்தது. 1865 ஆகஸ்ட் 15, பாதை தொடங்கிய அதே தேதியில், அலகாபாத்தில் யமுனைப் பாலம் திறந்தது.

அரை டிக்கெட்டும் பூரிச் சம்புடமும்

முதலில் சொன்ன அந்தக் கடிதத்துக்கு இனி வரலாம். சனங்கள் ஏறினார்கள். சாதி பார்க்கிறவர்கள் ஒரே பெட்டியில் உட்காரமாட்டார்கள் என்றார்கள், உட்கார்ந்தார்கள். காசிக்கும் கயாவுக்கும் நடையாய் நடந்தவர்கள் உட்கார்ந்தே போனார்கள். ரயில் அவர்களை எப்படி நடத்தியது என்பது வேறு கதை.

1873-இல் துவாரகநாத்தின் மகன் தேவேந்திரநாத், தம் இளைய மகன் ரவியைக் கூட்டிக்கொண்டு இந்தப் பாதையில் போனார். முதலில் போல்பூர், பிறகு வடக்கே. பையனுக்கு 12 நிறையவில்லை, அரை டிக்கெட். ஒரு பெரிய ஸ்டேஷனில் டிக்கெட் பார்க்க வந்தவர் பையனை ஏற இறங்கப் பார்த்தார், வயதைச் சந்தேகித்தார். முழு டிக்கெட்டுக்குக் காசு கேட்டார்கள். தேவேந்திரநாத் பேசாமல் நோட்டை நீட்டினார். மீதிச் சில்லறை வந்ததும் அதை அப்படியே பிளாட்பாரத்தில் விட்டெறிந்தார். சில்லறைக்காகப் பொய் சொல்வேன் என்றா நினைத்தாய் என்று அர்த்தம். எந்தக் குடும்பம் இந்த ரயிலுக்கு மூன்றில் ஒரு பங்கு பணம் போட முன்வந்ததோ, அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் அரை டிக்கெட்டைச் சந்தேகித்திருக்கிறார்கள்! ரவீந்திரநாத் இதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று 1902. கல்கத்தாவில் தேசியத் தலைவர் கோகலேயோடு தங்கியிருந்த காந்தி, மூன்றாம் வகுப்பில் ஊர் திரும்ப முடிவு செய்தார். 12 அணாவுக்கு ஒரு கித்தான் பை. கோகலே தந்த உலோகச் சம்புடத்தில் லட்டும் பூரியும். வழியனுப்ப கோகலேயும் வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராயும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். முதல் வகுப்பில் போவதானால் வந்திருக்கமாட்டேன், மூன்றாம் வகுப்பு என்பதால்தான் வந்தேன் என்றாராம் கோகலே. பட்டுத் தலைப்பாகையும் கோட்டும் போட்டிருந்த கோகலேயை யாரும் தடுக்கவில்லை. வங்காளி உடையில் இருந்த ராயை டிக்கெட் கலெக்டர் நிறுத்திவிட்டார். இவர் என் நண்பர் என்று கோகலே சொன்ன பிறகே உள்ளே விட்டார்கள். நாட்டின் முதல் வேதியியல் ஆய்வாளர் வரிசையில் வைக்க வேண்டிய மனிதர் அவர். ரயிலைப் பிழைக்க வைத்தவர்கள் வேட்டி கட்டிய சனம். ரயில்வே மதித்ததோ தலைப்பாகையை.

என் தீர்ப்பு இது: ஹவுரா பாதைக்குப் பணம் லண்டனில் திரண்டிருக்கலாம், திட்டம் ஸ்டீபன்சனுடையதாக இருக்கலாம். அதைக் காப்பாற்றியது நிலவரி கட்டியவனும், 7 அணா கொடுத்து டிரக்கில் நின்றவனும். இருவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போய் இறங்குகிற வாசகர்கள் காளிகாட், விக்டோரியா மண்டபம் என்று ஓடுவதோடு அரை நாளை இதற்கும் ஒதுக்கலாம். ஹவுராவின் பழைய வளாகத்துக்குப் போய் பந்தேல் லோக்கலில் ஏறுங்கள். 1854-இன் பாதைதான். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஹூக்ளி. காலையில் கூட்டமெல்லாம் கல்கத்தாவை நோக்கி வரும். நீங்கள் எதிர்த்திசையில் போவதால் சன்னலோர இடமே கிடைக்கும். வரும்போது சந்தன்நகரில் இறங்கி ஆற்றங்கரை வரை போய்விட்டு வாருங்கள். புதுச்சேரிக் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியாது.